அரிப்பு இன்று, காரணம் முந்தாநாள்

கரப்பான் எனும் அரிப்புத் தோல் நோய் (எக்ஸிமா) வந்த வீட்டில் முதலில் தண்டனை பெறுவது கத்தரிக்காய். அடுத்தது கருவாடு, அதற்கடுத்தது முட்டை. ஒரு மாதத்தில் நோயாளியின் தட்டில் ரசமும் சாதமும்தான் மிஞ்சும். அரிப்பு மட்டும் அப்படியே இருக்கும். பழி தவறான இடத்தில் விழுவதற்கு முக்கியக் காரணம், தோலில் நடக்கும் ஒவ்வாமையின் நிதானமான வேகம்.

கவரிங் நகையை எடுத்துக்கொள்வோம். வியர்வை பட்டால் அதிலுள்ள நிக்கல் சிறிதளவு கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. மேல்தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி-செல்கள் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. சிலரது உடலில் நிக்கலை நினைவில் வைத்திருக்கும் டி-செல்கள் அங்கே உருவாகிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. பல ஆண்டுகள் அணிந்த நகைகூடத் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவது இப்படித்தான். அதன் பிறகு நிக்கல் பட்டால், அந்த டி-செல்கள் தோலில் கூடி அழற்சியை உண்டாக்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட நெக்லஸுக்குச் செவ்வாய்க்கிழமை கழுத்து சிவக்கிறது. மாட்டிக்கொள்வதோ திங்கள் இரவு சாப்பிட்ட மீன் குழம்பு!

இந்தத் தாமதத்தையே பரிசோதனையாக மாற்றியவர் ஜெர்மன் மருத்துவர் யோசெஃப் யாதசோன். 1895இல் அவர் அறிமுகப்படுத்திய ஒட்டுப் பரிசோதனைதான் இன்றும் தோல் மருத்துவர்கள் செய்வது. சட்டைப் பொத்தான் அளவுள்ள சின்னச் சின்னக் கிண்ணங்களில் நிக்கல், குரோமேட் எனும் குரோமிய உப்பு, ரப்பர் ரசாயனங்கள், வாசனைப் பொருள்கள், தலைச்சாயத்தில் உள்ள பாரா-ஃபினைலின்டையமின் போன்றவற்றை வைத்து முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டுகிறார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்த்த பிறகுதான் தீர்ப்பு. அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. சித்திரை மாதத்தில் இதற்கு நாள் குறிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

எதைச் சோதிப்பது என்பதற்குத் தடிப்பு வந்த இடமே துப்பு கொடுக்கும். தொப்புளுக்குக் கீழே என்றால் ஜீன்ஸ் பொத்தான் அல்லது பெல்ட் பக்கிள். பாதத்தின் மேல் செருப்பு வாரின் வடிவத்திலேயே வந்தால் தோல் பதனிட உதவிய குரோமியமோ ரப்பரோ. நெற்றி நடுவில் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. கொத்தனாரின் கைகளில் என்றால் சிமெண்டிலுள்ள குரோமேட். நகப்பூச்சு இன்னும் விசித்திரம்: விரலை விட்டுவிட்டு, விரல் அடிக்கடி போய்த் தொடும் கண்ணிமையையும் கழுத்தையும் பதம் பார்க்கும். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சேர்ந்து தடித்தால், அதுவும் விவசாயிக்கு என்றால், காற்றில் பறக்கும் பார்த்தீனியத் துகளைச் சந்தேகிக்க வேண்டும். 1950களில் புனே பக்கம் தென்பட்ட இந்த அமெரிக்கக் களை, இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகவே கருதப்படுகிறது.

ஒட்டுப் பரிசோதனையில் எதுவுமே தெரியாதவர்களும் ஏராளம். குழந்தைப் பருவத்திலிருந்தே முழங்கால் மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் வந்து வந்து போகும் வகை பெரும்பாலும் அப்படித்தான். அங்கே சிக்கல் தோலின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு, இந்நோய் உள்ள பலரிடம் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதுபட்டிருப்பதைக் காட்டியது. அந்தப் புரதம் சிதைந்து உண்டாகும் பொருள்களே மேல்தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன, லேசான அமிலத்தன்மையையும் தருகின்றன. அது குறைந்தால் தோல் வறண்டு வெடிக்கும். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா குடியேறும். சோப்பு, வியர்வை, கம்பளி, தூசுப்பூச்சி, ஏசி அறையின் வறண்ட காற்று என எது பட்டாலும் அரிக்கும். இங்கே ஒற்றைக் குற்றவாளியைத் தேடுவது வீண் அலைச்சல். சிறு குழந்தைகள் சிலருக்கு முட்டையோ பாலோ உண்மையிலேயே காரணமாக இருக்கலாம். அதை மருத்துவர் சொல்ல வேண்டும். ரத்தத்தில் எடுக்கும் உணவு ஒவ்வாமைப் பட்டியலில் 'பாசிட்டிவ்' என்று வந்ததற்காக மட்டும் குழந்தையின் சாப்பாட்டை வெட்டினால் வளர்ச்சிதான் குன்றும்.

ஈரப்பத கிரீமை நாம் பூசும் அளவு பெரும்பாலும் சிரிப்புக்குரியது. உடல் முழுக்கப் பாதிப்புள்ள பெரியவருக்கு வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை தேவைப்படும். குளித்துத் துவட்டிய கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்புக்கு அளவு வேறு. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகளைத் தொடவே வேண்டாம். படர்தாமரையைக் கரப்பான் என்று நினைத்து அதைப் பூசினால் முதல் வாரம் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை இன்னும் அகலமாகப் பரவும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நாட்குறிப்பு எழுதுபவர்கள் அரிப்பு கூடிய நாளுக்கு மூன்று நாள் முன்புவரை புரட்டிப் பார்க்க வேண்டும்: புதிய சோப்பு, சாயம், நகை, தோட்ட வேலை எல்லாம். பூசிவிட்டுக் கழுவாமல் விடும் புதிய கிரீம் என்றால், முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் மட்டும் தினம் இருமுறை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பூசிப் பாருங்கள். சோப்பையும் தலைச்சாயத்தையும் இப்படிச் சோதிக்கக் கூடாது. அவை தோலைப் புண்ணாக்கிவிடும்.