ஒட்டுப்பாலும் 16 மணி நேரப் பட்டினியும்

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை விடியற்காலையில் தூக்கிவந்தார்கள். தலைவிளக்கு எரிந்தபடியே மரத்தடியில் கிடந்திருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 42, மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏறிய சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "என் கத்தி எங்கே?" என்றார்.

"16 மணி நேரம் வயிறு காய்ந்தால் செல்லிலுள்ள குப்பை தானே எரிந்துவிடுமாம் டாக்டர், வீடியோவில் சொன்னார்கள். ராத்திரி சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் விடவில்லை." அது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும்.

குப்பையைச் செல் எரிப்பதில்லை. அவர் தொழிலையே எடுத்துச் சொன்னேன். மரத்தின் வெட்டுக்காயத்தில் உறைந்த பாலையும் சிரட்டையில் ஒட்டியதையும் எறிகிறாரா? உரித்துச் சேர்த்தால் ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு. செல்லும் அப்படித்தான். பழுதான புரதத்தையும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தேய்ந்தவற்றையும் இரட்டைச் சவ்வுப் பையொன்று வளைத்துக்கொள்ளும். அந்தப் பை செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு சேர்ந்ததும், அங்குள்ள நொதிகள் அமிலச் சூழலில் எல்லாவற்றையும் அரைத்து அமினோ அமிலங்கள் போன்ற சிறு துண்டுகளாக்கும். அந்த அமினோ அமிலங்களிலிருந்தே புதிய புரதம். 1963இல் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்தியான் டி டூவ் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயரிட்டார். தன்னைத் தின்னல் என்று பொருள்.

ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை, ஆப்ப மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்டை! பட்டினியில் இந்த வேலை கூடுவது விலங்குகளிலும் தெரிகிறது. மனிதருக்கு 16 மணி நேரம் என்று கணக்குப் போட்டது வீடியோக்காரர்கள். சாப்பிடுகிறவர் உடலிலும் இது ஓயாமல் நடக்கிறது. எவ்வளவு நடக்கிறது என்று காட்டும் வழக்கமான ரத்தப் பரிசோதனை கிடையாது.

நோன்புக்கு நான் எதிரியல்ல. ரமலானுக்கு முன் தக்கலையிலிருந்து வருகிறவர்கள் மாத்திரை அளவை மாற்றி வாங்கிப் போகிறார்கள். சஷ்டிக்காரர்களும் தவக்காலக்காரர்களும்தான் கேட்பதே இல்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிய பிறகும் மறுபடி இறங்கும் என்பதால் அவரை ஒரு நாள் படுக்கவைத்தேன். வெட்டு போயிற்றே என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது பழங்கஞ்சி குடித்துவிட்டுத்தான் தோட்டத்துக்குக் கிளம்புகிறாராம்.