மிச்சமிருக்கும் குழாய்: கருத்தடையை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு முன்

கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண் ஒருவர், மீண்டும் ஒரு குழந்தை வேண்டும் என்று மருத்துவரிடம் வரும்போது, ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழைய அறுவை சிகிச்சையின் குறிப்பு கையில் இருக்கிறதா? பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தக் காகிதம், வெட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆயத்தம் என்றதும் பட்டினி கிடப்பதும் மயக்க மருந்துப் பரிசோதனையும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் ஆயத்தத்தின் பெரும்பகுதி, இந்த அறுவை சிகிச்சை செய்யத் தகுந்ததுதானா என்று தீர்மானிப்பதிலேயே கழிகிறது.

காரணம் குழாயின் அமைப்பில் இருக்கிறது. கருக்குழாய் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. கருப்பையை ஒட்டிய பகுதி குறுகலானது. அதன் உள்வழி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட வராது. சினைப்பையை நோக்கிச் செல்லச் செல்லக் குழாய் விரிந்து, விரல்கள் போன்ற குஞ்சத்தில் முடிகிறது. சினைப்பையிலிருந்து வெளிப்படும் கருமுட்டையை அந்தக் குஞ்சம் வாரி எடுக்க, விரிந்த பகுதியில் அது விந்தணுவுடன் சேர்கிறது. உருவான கருவை, உட்சுவரின் நுண்மயிரிழைகளும் தசைச் சுருக்கங்களும் மூன்று நான்கு நாள்களில் கருப்பைக்குக் கொண்டுசேர்க்கின்றன. ஆகவே கருக்குழாயைத் தண்ணீர்க் குழாயைப் போல எண்ணிவிடக் கூடாது. அடைப்பு நீங்கினால் மட்டும் போதாது. கருவை நகர்த்தும் உயிருள்ள சுவர் போதிய நீளத்துக்கு மிஞ்சியிருக்க வேண்டும். இணைத்த பின் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்பது அறுவை மருத்துவர்களின் பொதுவான கணக்கு.

அந்த மிச்சம் எவ்வளவு என்பது முதல் அறுவை சிகிச்சையின் முறையைப் பொறுத்தது. கிளிப் போட்டிருந்தால் சில மில்லிமீட்டர்தான் சேதமாகியிருக்கும்; மறுஇணைப்புக்கு மிகவும் உகந்த நிலை அதுவே. குழாயை வளைத்துக் கட்டி வளைவை வெட்டி எடுத்திருந்தாலோ, வளையம் மாட்டியிருந்தாலோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் போயிருக்கலாம். மின்சூட்டால் கருக்கியிருந்தால் கணிப்பது கடினம். கண்ணுக்குத் தெரியும் தழும்பைத் தாண்டியும் வெப்பம் திசுவைக் கெடுத்திருக்கும். குஞ்சத்தையே வெட்டியிருந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இரு குழாய்களையும் முழுமையாக நீக்கியிருந்தால் இணைக்க ஒன்றுமே இல்லை. சினைப்பைப் புற்றுநோயின் அபாயத்தைக் குறைக்கும் என்பதால் குழாய்களை முழுதாக எடுத்துவிடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. அவ்வாறு செய்துகொண்டவர்கள் பழைய குறிப்பைப் படித்த பிறகே அதை அறிய நேர்வதும் உண்டு. குறிப்பு கிடைக்காதபோது, மருத்துவர்கள் சிலர், வயிற்றில் சிறு துளையிட்டுச் செலுத்தும் கேமராக் கருவியான லேப்ராஸ்கோப் வழியாக முதலில் உள்ளே பார்த்துவிட்டு, மிச்சம் போதுமானால் மட்டும் மேலே தொடர்கிறார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிட நேரலாம் என்பதையும், அப்போது அடுத்து என்ன என்பதையும் மயக்கம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும்.

குழாய் தேறினாலும், அதன் வழியே பயணிக்க வேண்டியவை தேற வேண்டும். சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டைகளின் இருப்பை ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையும், சிறு முட்டைப்பைகளை எண்ணும் ஸ்கேனும் ஓரளவு காட்டுகின்றன. ஆனால் அவை எண்ணிக்கையைத்தான் சொல்லும். முட்டையின் தரத்தை அறிய, பெண்ணின் வயதைவிடச் சிறந்த அளவுகோல் இன்னும் இல்லை. நாற்பதைத் தாண்டியவருக்குக் குழாய் மிகச் சரியாக இணைந்திருந்தும் கருத்தரிக்காமல் போவது இதனால்தான்.

கணவரின் விந்துப் பரிசோதனையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முன்பு குழந்தைகள் பிறந்திருக்கின்றனவே, இது எதற்கு என்று பலர் மறுப்பதுண்டு. அந்தக் குழந்தை பிறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுதான் அதற்கு விடை. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்த பின் கொடுக்கும் மாதிரியில், மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் கீழ்வரம்பாகக் குறித்தது. எண்ணிக்கையும் அசைவும் மிகக் குறைந்திருந்தால் குழாயை இணைப்பதில் பயன் குறைவு. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பே நேரான வழியாகிவிடும். அந்த முறை பிறந்ததே குழாயடைப்புக்குத் தீர்வாகத்தான்: 1978இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை விரும்பும் இளவயதுத் தம்பதிக்கு மறுஇணைப்பும், காலம் நெருக்குகிறவர்களுக்குச் சோதனைக்குழாய் முறையும் பொருந்தும் என்பது என் கருத்து.

இவ்வளவும் கடந்த பிறகுதான் நாள் குறிப்பது. மாதவிடாய் முடிந்து கருமுட்டை வெளிப்படுவதற்கு முந்தைய நாள்களையே பலரும் தேர்கிறார்கள்; அறியாமல் கரு ஏதும் உண்டாகியிருக்கவில்லை என்ற உறுதி அப்போது கிடைக்கும். இரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைச் சரிசெய்து, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்குவது, பிறக்கப்போகும் குழந்தையின் தண்டுவடத்தைக் காப்பதற்காக. ரூபெல்லா என்னும் அம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லாதவர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதன்பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால், அதையும் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். புகைப்பதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது காயம் ஆறவும் நுரையீரல் மயக்கத்தைத் தாங்கவும் உதவும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகளை நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். பொதுவாக, மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பிருந்து திட உணவும், 2 மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் கூடாது. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதே காரணம்.

அறுவை மேசையில் மருத்துவர் தழும்பை வெட்டி நீக்கி, உயிருள்ள இரு முனைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, உருப்பெருக்கியின் கீழ்த் தலைமுடியை ஒத்த மெல்லிய நூலால் தைக்கிறார். இரு முனைகளும் ஒரே அகலமாக இருக்கும் குறுகலான பகுதியில் இணைப்பு எளிதாகிறது. பின்னர் கருப்பை வழியாக நீலச் சாயத்தைச் செலுத்தி, அது குஞ்சத்தில் வந்து சொட்டுகிறதா என்று பார்க்கிறார்.

சாயம் தடையின்றி வந்தாலும், தையல் போட்ட இடத்தில் மயிரிழைகள் முன்போல் இயங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கரு அங்கே தேங்கிக் குழாயிலேயே வளரத் தொடங்கலாம். பொதுவாக நூற்றுக்கு ஒன்றிரண்டு கர்ப்பங்களில் நேரும் இந்த ஆபத்து, மறுஇணைப்புக்குப் பின் பல மடங்காகிறது. எனவே மாதவிடாய் சில நாள் தள்ளிப்போனாலே இரத்தப் பரிசோதனை, ஆறாவது வாரவாக்கில் கரு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன், திடீர் வயிற்றுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே மருத்துவமனை என்பவற்றை வீட்டார் அனைவரும் அறுவை சிகிச்சைக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.