சொக்கை இறுக்க முதல் பாரத்தைப் பாருங்கள்

மோட்டோ ஜிபி பைக் ரேஸ் நடந்த அடுத்த கிழமை என் கராஜுக்கு என்ன வேலை வரும் என்று எனக்குத் தெரியும். "முன் போர்க்கை இறக்கி விடுங்கோ அண்ணை, பின் சொக்கை நல்லா இறுக்கி விடுங்கோ அண்ணை." கிளிநொச்சிப் பெடியன்கள் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். போர்க் என்பது முன் சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள், சொக் என்பது பின் சில்லின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங். டிவியில் பைக் குனிந்து நிற்பது தெரிகிறது. அது யாருக்காக அப்படி நிற்கிறது என்பது தெரிவதில்லை.

ரேஸ் அணியில் முதலில் அளப்பது ஓட்டுபவரைத்தான். முழு உடுப்போடும் ஹெல்மெட்டோடும் அவரை ஏற்றி இருத்தி, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பார்கள். 2013 முதல் 2018 வரை மார்க் மார்க்கெசும் டானி பெட்ரோசாவும் ஒரே ஹொண்டா அணியில் ஓடினார்கள். பெட்ரோசா ஏறக்குறைய 160 சென்ரிமீற்றர் உயரம், 50 கிலோவை ஒட்டிய உடம்பு. மார்க்கெஸ் அவரைவிடக் கனம். ஒரே கம்பனி பைக் என்றாலும் ஒருவருக்கு வைத்த செட்டிங் மற்றவருக்குச் சரிவராது. பெற்றோலும் கணக்கில் வரும். டாங்கியில் 22 லீற்றர் வரை நிரப்பிப் புறப்படுகிற பைக், முடிக்கும்போது 15 கிலோ அளவு பாரம் குறைந்திருக்கும். அதையும் யோசித்துத்தான் செட்டிங் வைக்கிறார்கள்.

அப்புறம் பேச்சு. ஓடிவிட்டு வந்தவரிடம் தலைமை மெக்கானிக் கேட்பது, பைக் எங்கே குழப்புகிறது என்பதைத்தான். பிரேக் பிடிக்கும்போதா, வளைவின் நடுவிலா, அக்சிலேற்றரைத் திறக்கும்போதா? அந்தப் பதிலை சொக்கில் பூட்டியிருக்கும் சென்சரின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மாற்றம் மட்டும் செய்வார்கள். போர்க் உயரம் என்றால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர். எழுதி வைப்பார்கள். சரிவராவிட்டால் பழைய இடத்துக்கே திருப்புவார்கள். 2004இல் ரேஸ் வீரர் வலன்டினோ ரொஸி ஹொண்டாவை விட்டு யமஹாவுக்குப் போனபோது, தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பேர்ஜெஸையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வருடமே சம்பியன் ஆனார். சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஆள் அவ்வளவு பெறுமதி.

இந்த முறையை எங்கள் 150 சிசி பைக்கிலும் செய்யலாம், செலவே இல்லை. நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சில்லு நிலத்தில் படாதபோது, அச்சிலிருந்து நேர் மேலே சீற்றுக்குக் கீழ் ஓர் இடம்வரை அளவுநாடாவால் அளவுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் ஏறி இருந்து, இன்னொருவரைக் கொண்டு அதே அளவை எடுப்பியுங்கள். சில்லு மொத்தம் 100 மில்லிமீற்றர் ஏறி இறங்கக்கூடிய பைக் என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் 25 முதல் 35 வரை இருப்பது நல்லது. கூடினால் கொக்கி ஸ்பானரால் பின் சொக்கில் இருக்கும் படி வளையத்தைத் திருப்பி ஒரு படி ஏற்றுங்கள், குறைந்தால் ஒரு படி இறக்குங்கள். படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதேதான், பைக்கின் பின்பக்கம்தான் உயர்கிறது. 55 கிலோப் பெடியன் கடைசிப் படியில் வைத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் ரோட்டில் ஓடினால், பின் சில்லு நிலத்தில் நிற்காது, துள்ளும்.

எதிர்ப்பக்கப் பிழைதான் இங்கே கூட. மனைவி பிள்ளையோடு போகிற பைக், 50 கிலோ உர மூட்டை ஏற்றுகிற பைக், முல்லைத்தீவிலிருந்து மீன் பெட்டி கட்டி வருகிற பைக் எல்லாம் முதற் படியிலேயே கிடக்கின்றன. பின்பக்கம் குந்திவிடும். முன் சில்லில் பாரம் குறைந்து ஹான்டில் இலேசாகும். இரவில் முன் லைற் ரோட்டை விட்டு மேலே அடிக்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஏ9இல் மாங்குளம் தாண்டி மாடு படுத்திருந்தால் உங்களுக்கும் தெரியாது. பாரம் ஏற்றும் நாளில் படியை ஏற்றுங்கள், இறக்கிய பிறகு பழையபடி வையுங்கள். ஒரு சுவருக்கு நேரே நிறுத்தி லைற் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள்.

முன் போர்க்கை ஓர் அங்குலம் இறக்கச் சொல்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. பள்ளத்தில் ரயர் மட்காட்டில் முட்டும், வேகத்தில் ஹான்டில் நிலைகொள்ளாது. கோபித்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

ரயர்க் காற்றிலும் இதே கதை. ரேஸில் காற்றைக் குறைத்து ஓடுகிறார்கள் என்று எங்கள் பெடியன்களும் குறைக்கிறார்கள். 2024இல் மோட்டோ ஜிபி முன் ரயருக்கு விதிப்படி இருக்க வேண்டிய குறைந்த காற்றழுத்தம் 1.80 பார், எங்கள் கணக்கில் 26 பிஎஸ்ஐ. அதுவும் ஓடிச் சூடேறிய ரயரில். ரியூப் போட்ட ரயரில் காற்றைக் குறைத்துக் கிடங்கில் இறக்கினால் றிம்தான் நெளியும். காலையில் ரயர் சூடேற முதல், பைக்கில் ஒட்டியிருக்கிற அளவுக்கே அடியுங்கள். டபிள்ஸ் போகும்போது பின்னுக்குக் கூட்ட வேண்டிய அளவும் அதிலேயே இருக்கும்.

கராஜுக்கு வந்தால் "பைக் ஆடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாரிலா கிரவலிலா, தனியாகவா பாரத்தோடா, எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா சும்மா போகும்போதா என்று சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.