மூன்றாவது நிமிடத்தில் ஏன் மூச்சு வாங்குகிறது?

மெரினா கடற்கரையில் காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றால், புதிதாக ஓட வந்தவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். உழைப்பாளர் சிலைக்கு அருகிலிருந்து உற்சாகமாகப் புறப்படுபவர், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றுவிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது, காதுக்குள் துடிப்பு கேட்கிறது, விலாவில் சுருக்கென்று குத்துகிறது. தன் உடம்புக்கு ஓட்டம் ஒத்துவராது என்ற முடிவுக்குப் பலர் வருவது அந்த நிமிடத்தில்தான். உடலியங்கியலைச் சற்றுத் தெரிந்துகொண்டால், அது அவசர முடிவு என்பது விளங்கும்.

தசை இயங்குவதற்கு, ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏடிபி, முழு வேகத்தில் ஓடினால் ஓரிரு நொடிகளுக்குத்தான் போதும். அடுத்து, ஏடிபியை உடனே மீண்டும் உருவாக்க உதவும், தசையில் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் ஏறத்தாழ பத்து நொடிகள் கைகொடுக்கிறது. அதற்குமேல் ஓட வேண்டுமானால், உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஏடிபியைத் தொடர்ந்து தயாரிக்க வேண்டும். ஆனால் நுரையீரல், இதயம், இரத்தக்குழாய்கள், தசை ஆகிய அனைத்தும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கும் நிலையை எட்ட, மிதமான ஓட்டத்திலேயே இரண்டு மூன்று நிமிடங்கள் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் தசை ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்கிறது. அதனால் ஏறும் அமிலத்தன்மையைச் சரிக்கட்டக் கரியமில வாயுவை விரைந்து வெளியேற்ற வேண்டியிருப்பதால், மூச்சு வேகமெடுக்கிறது. ஆகவே மூன்றாவது நிமிடத்துத் தவிப்பு, வண்டி சூடேறும் நேரத்துத் திணறல்தான். பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கக்கூடிய வேகத்தில் ஓடினால், இந்தத் திணறல் தாங்கக்கூடிய அளவிலேயே நின்றுவிடும். அந்த வேகம் விறுவிறுப்பான நடையைவிடச் சற்றே கூடுதலாக இருந்தாலும், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

தொடர்ந்து ஓடுபவரின் உடலில் முதலில் மாறுவது இரத்தம். ஓரிரு வாரங்களுக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றுவதால், அதே வேகத்துக்குக் குறைவான துடிப்புகளே போதுமானதாகின்றன. இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஓடி நின்றவுடன் மணிக்கட்டில் விரல்களை வைத்துப் பதினைந்து நொடிகள் துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்கிக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடி மறுபடி எண்ணிப் பாருங்கள். நிறுத்தக் கடிகாரத்தைவிட இந்தக் கணக்குத்தான் ஓட்டத்தின் பலனை முதலில் காட்டும் என்பதால், புதியவர்களுக்கு நான் இதையே சொல்கிறேன்.

தசைக்குள் நிகழும் மாற்றத்துக்கு இன்னும் சில வாரங்கள் வேண்டும். 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி, பன்னிரண்டு வாரங்கள் ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் கால் தசைகளில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருப்பதைக் காட்டினார். பயிற்சியால் வளர்வது இதயமும் நுரையீரலும் மட்டுமல்ல, தசையின் ஒவ்வோர் இழையும்தான் என்பதை அறிவியல் உறுதியாக உணர்ந்தது அதன் பிறகே.

எலும்பு இவ்வளவு வேகமாக மாறுவதில்லை. புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடமும் இதுவே. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடிகள் என்று வைத்தால், இருபது நிமிட ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 1,600 முறை அந்த விசையைத் தாங்குகிறது. புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு, முதலில் தன்னில் ஒரு பகுதியை அரித்து எடுத்துவிட்டுத்தான் அங்கே புதிதாகக் கட்டுகிறது. பழைய வீட்டில் சுவரை இடித்துவிட்டுக் கட்டுவதைப் போன்ற வேலை இது. இடிப்பதற்குச் சில வாரங்கள் போதும். கட்டி முடித்து இறுகச் செய்ய மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆகவே மூச்சு சீராகி, இன்னும் எவ்வளவு தூரமும் ஓடலாம் என்று தோன்றும் முதல் இரண்டு மாதங்களில், எலும்பு பாதி இடித்த நிலையில் இருக்கக்கூடும். நெடுந்தூரம் நடந்த பிரஷ்யப் படைவீரர்களின் பாதங்கள் வீங்கி வலித்ததை 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அது எலும்பில் விழும் நுண்ணிய முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகு தெரிந்தது. எனக்கும் ஆறாவது வாரத்தில்தான் முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் வலி வந்தது. மூச்சு நன்றாக இருந்த தைரியத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கியிருந்தேன். எலும்பின் ஓரிடத்தில் விரல் வைத்து அழுத்தும்போது மட்டும் சுரீரென்று வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சற்று ஓடி, சற்று நடந்து, வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்யும் முறை புதியவர்களுக்கு ஏற்றதாக இருப்பதற்கும் இதுவே காரணம். 1996-இல் ஜாஷ் கிளார்க் வகுத்து உலகெங்கும் பரவிய, ஐந்து கிலோமீட்டரை இலக்காகக் கொண்ட ஒன்பது வாரத் திட்டம் இப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஓடினால் மனம் இலேசாகும் என்பார்களே, அதுவும் உண்மைதான். அதற்கு, உடலே சுரக்கும் வலிநீக்கிப் பொருளான எண்டார்பினே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் எண்டார்பின் முதலியவை உயிரணுக்களில் ஒட்டிச் செயல்படும் இடங்களான ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு ஓடவைத்தபோதும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை என்று 2021-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது. இப்போது கவனம், கஞ்சாவின் வேதிப்பொருளைப்போலச் செயல்படும், உடலே உருவாக்கும் எண்டோகன்னாபினாய்டுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. அவற்றுள் ஒன்றை 1992-இல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள், நாம் அன்றாடம் சொல்லும் ‘ஆனந்தம்’ என்ற சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். மிதமான வேகத்தில் ஓரளவு நீண்ட நேரம் ஓடும்போது இது இரத்தத்தில் கூடுகிறது. நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடும் முதல் வாரங்களில் அந்த இனிமை கிடைக்காமல் போவது இயல்பே.

அதுவரை தாக்குப்பிடிக்கப் பழக்கம்தான் துணை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற, நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. மழையால் ஒரு நாள் விட்டுப்போனால், மறுமுறை வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினால் போதும்; விட்டதை ஈடுகட்ட இரு மடங்கு ஓட வேண்டியதில்லை. 66 நாட்கள் என்பது ஒன்பது வாரங்களுக்குச் சற்றே அதிகம். அதற்குள் இரத்தம் மாறியிருக்கும், தசை பாதி வழி வந்திருக்கும், காலணியைக் கால் தானாகத் தேடத் தொடங்கியிருக்கும். எலும்பு மட்டும் அப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கும். தூரத்தைக் கூட்டும்போது அதன் வேகத்துக்கே கூட்ட வேண்டும்.