ஃபோர்க்குக்குள் கியர் ஆயில் ஊற்றும் தம்பிகளுக்கு

போன வாரம் பட்டறைக்கு ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வந்தது. புது பெயின்ட், புது குரோம், முன்னால் டிஸ்க் பிரேக் வேறு மாற்றியிருந்தார்கள். ஆனால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் ஒரு பக்கத்தில், ஆயிலை உள்ளேயே அடைத்து வைக்கும் சீல் பிதுங்கி வெளியே வந்து, எண்ணெய் வழிந்து, டிஸ்க்கும் பிரேக் பேடும் குளித்திருந்தன. சிக்னலில் பிரேக் பிடிக்காமல் முன்னால் நின்ற ஆட்டோவின் பின்னால் போய் இடித்திருக்கிறான் பையன். முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தான். ஃபோர்க்கைப் பிரித்து வடித்தால் வந்தது கியர்பாக்ஸில் ஊற்றும் கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில். அதுவும் கிட்டத்தட்ட கழுத்து வரை. "முன்னாடி ரொம்ப சாஃப்டா இருந்துச்சுண்ணே, ஸ்டிஃப்பாகும்னு சொன்னாங்க, ஊத்திட்டேன்" என்கிறான்.

இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கெட்டி ஆயில் ஊற்றினால் ஃபோர்க் விறைப்பாகாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயிலின் வேலை, அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கி எழ வேண்டும் என்று பிடித்து நிறுத்துவது மட்டும்தான். நம்பிக்கை இல்லையா? வண்டியில் ஏறி உட்காருங்கள். முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி உட்காருங்கள். ஃபோர்க்கில் அளவுக்கு மீறி நிரப்பாதவரை, கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். கொஞ்சம் நிதானமாக வரும், அவ்வளவுதான். பிரேக் அடிக்கும்போது மூக்கு இறங்குவதும் இப்படியே. கெட்டி ஆயில் அதைத் தள்ளிப்போடும், தடுக்காது.

அப்புறம் ஏன் கையால் அமுக்கிப் பார்த்தால் விறைப்பாகத் தெரிகிறது? அந்தக் கால ஃபோர்க்குகளில் உள்ளே அளவு மாறாத சில துளைகள், அவ்வளவுதான். ஆயில் அதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். சிரிஞ்சில் தேனை நிரப்பி மெதுவாக அழுத்தினால் போகும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரல்தான் வலிக்கும். ஃபோர்க்கின் துளைகளில் இது இன்னும் கடுமை: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே, பட்டறை வாசலில் அமுக்கும்போது 'செம டைட்' என்று தோன்றும் அதே ஃபோர்க், அறுபதில் போகும்போது பள்ளத்தில் விழுந்தால் இரும்புக் கம்பிபோல நின்றுவிடும். அடி நேராகக் கைக்கு வரும். டயர் தரையை விட்டுத் துள்ளும்.

இதைவிட மோசம் திரும்பி எழும்போது. ஊருக்குள் நுழையும் இடத்தில் வரிசையாகப் பட்டை பட்டையாகப் போட்டிருப்பார்களே, அதன்மேல் போய்ப் பாருங்கள். முதல் பட்டையில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடும், இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஐந்தாறு பட்டை தாண்டினால் கீழேயே உட்கார்ந்துகொள்ளும். சஸ்பென்ஷனே இல்லாத வண்டியாகிவிடும். அந்த நேரத்தில் மழை ஈரமும் பிரேக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவுக்கு மேல் ஊற்றுவது தனிப் பைத்தியக்காரத்தனம். ஃபோர்க்கின் மேலே கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். காற்று சுருங்கும், ஆயில் சுருங்காது. இடம் இல்லாவிட்டால் அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். அது சீல்தான்.

ஆர்எக்ஸ் 100 நம் ஊரில் 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. கடைசியாக வந்ததற்கே ஏறக்குறைய முப்பது வயது. உங்கள் முன்பக்கம் 'சாஃப்ட்' ஆனதற்குக் காரணம் டிசைன் அல்ல. பலமுறை நான் பார்ப்பது, யாரும் மாற்றாமலே விட்ட ஆயில், சாம்பல் நிறத்தில் சேறாகிக் கிடப்பதைத்தான். நாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம். பிரேக் பிடித்தால் 'டக்' என்று சத்தம் வருகிறதா? அது ஃபோர்க்காக இல்லாமல், ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் தேய்ந்ததாகவும் இருக்கலாம். சிலருக்கு டயரில் காற்றே இருக்காது.

முதலில் இதையெல்லாம் சரிபாருங்கள். ஃபோர்க்கின் உள் பைப்பைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். சீல் ஓடும் இடத்தில் துருப்புள்ளி இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். மேனுவலில் சொன்ன ஆயிலை, சொன்ன அளவுக்கு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஊற்றுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

இன்னும் இறங்குகிறது என்றால் அளந்து பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பைப்பில் ஒரு கேபிள் டையைக் கட்டி சீலோடு ஒட்டித் தள்ளுங்கள். வண்டியை இறக்கி மெதுவாக உட்கார்ந்து எழுந்து, மறுபடி சக்கரத்தைத் தூக்கினால் சீலுக்கும் டைக்கும் நடுவே எவ்வளவு இறங்கியது என்று தெரியும். ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சரி. அதற்கு மேல் என்றால் ஸ்பிரிங்கின் நீளத்தை மேனுவலோடு ஒப்பிடுங்கள். சோர்ந்திருந்தால் மாற்றுங்கள், அது ஒன்றும் வைரம் இல்லை. ஸ்பிரிங் நன்றாக இருந்தும் இறங்கினால் ஸ்பிரிங் மேல் சில மில்லிமீட்டர் ஸ்பேசர் துண்டு போடலாம். அது வண்டியை உயர்த்தும், ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. நீங்களும் பின்னால் உட்காருபவரும் கனமானவர்கள் என்றால் கனத்த ஸ்பிரிங்தான் வழி. ஆயிலில் ஒரு படி மேலே போவது அதற்கப்புறம்தான். 10 நம்பர் ஃபோர்க் ஆயில் இருந்த இடத்தில் 15, அதோடு நிறுத்துங்கள்.

ஐந்து ரூபாய்க் காசை அடுக்கி ஸ்பிரிங் மேல் வைக்கும் ஆசாமிகளே, காசு தேய்ந்து அந்தத் துகள் ஆயிலில்தான் கலக்கும். ஸ்பிரிங்கை கிரைண்டரில் வெட்டுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபோர்க்கின் உச்சியை மூடியிருக்கும் டாப் போல்ட்டைக் கழற்றும்போது முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி வையுங்கள், கடைசி சுற்றில் கையால் அழுத்திப் பிடியுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். உள்ளே ஸ்பிரிங் அமுங்கிக் காத்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது முன் சக்கர ஆக்சிலை முறுக்கும் முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி எடுங்கள், ஃபோர்க்கின் இரண்டு காலும் நேராக வந்து அமரும். இதைச் செய்யாமல் முறுக்கி, ஃபோர்க் பிடித்துக்கொண்டதைக் கண்டு "சூப்பரா ஸ்டிஃப் ஆயிடுச்சு" என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

சீலில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டிஸ்க் வண்டி என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். எண்ணெய் ஊறிய பேடைக் கழுவி மறுபடி போடும் யோசனையும் வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.