புதிய பதிப்பு வந்தாலும் பழைய எழுத்து ஏன் அழிவதில்லை?

பலர் சேர்ந்து எழுதும் தளங்களுக்கான மென்பொருளில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்றதும் நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது, புதிதாக ஏதாவது பொத்தான் முளைத்திருக்கிறதா, தோற்றம் மாறியிருக்கிறதா என்பதைத்தான். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த மென்பொருளை எழுதுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பொத்தான் இல்லை. ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் பல பேர் திருத்தினாலும் யாருடைய வரியும் காணாமல் போகக்கூடாது, இருபது வருடத்துக்கு முன் யாரோ எழுதிய பக்கம் இன்றைய நிரலிலும் திறக்க வேண்டும், இதையெல்லாம் உடைக்காமல் அடியில் இருப்பதை மாற்ற வேண்டும். ஒரு புதிய பதிப்பின் கஷ்டமான பகுதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு மீடியாவிக்கியை எடுத்துக்கொள்வோம். விக்கிப்பீடியா ஓடுவது இதில்தான். திறமூல மென்பொருள், ஜிபிஎல் உரிமம், யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். இதற்கு முன்கதையும் உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற முதல் விக்கித் தளத்தை வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் தொடங்கினார். 2001-இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது யூஸ்மாட்விக்கி என்ற, பெர்ல் மொழியில் எழுதிய நிரலில் ஓடியது. அதில் டேட்டாபேஸே கிடையாது, பக்கங்கள் எல்லாம் சாதாரணக் கோப்புகள். அதோடு அந்த நிரல், பழைய திருத்தங்களைக் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும்! அதனால் விக்கிப்பீடியாவின் ஆரம்ப கால வரலாற்றில் பெரிய ஓட்டை விழுந்தது. 2010 டிசம்பரில் மீடியாவிக்கி நிரலாளர் டிம் ஸ்டார்லிங் பழைய காப்புக் கோப்புகளைக் கண்டெடுத்த பிறகுதான் தொலைந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. இதற்குள் மென்பொருளே மாறியிருந்தது. மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பி மொழியில், டேட்டாபேஸ் வைத்து எழுதிய நிரலுக்கு 2002-இல் மாறினார்கள், அதே வருடம் லீ டேனியல் குரோக்கர் அதைத் திரும்ப எழுதினார். அதன் வாரிசுதான் இன்று இருப்பது.

சரி, நீங்கள் 'சேமி' என்று அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? பக்கத்தில் இருந்த பழைய உரையை அழித்து அதன் மேல் புதியதை எழுதுவதில்லை. உங்கள் உரை முழுவதும் புதிய திருத்தமாக, புதிய எண்ணோடு, தனியாகச் சேமிக்கப்படுகிறது. பக்கம் என்பது ஒரு சின்னக் குறிப்பு மட்டுமே, "இப்போதைக்கு என்னுடைய கடைசித் திருத்தம் இந்த எண்" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. யாரோ விஷமம் செய்து பக்கத்தையே காலி செய்துவிட்டார் என்றால், அதுவும் ஒரு திருத்தம்தான், உரை இல்லாத திருத்தம். அதை மீளமைக்கும்போதும் எதையும் அழிப்பதில்லை, பழைய உரையையே புது எண்ணில் இன்னொரு திருத்தமாகச் சேர்க்கிறார்கள். இடம் நிறையப் பிடிக்குமே என்று தோன்றும். அடுத்தடுத்த திருத்தங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அவற்றைச் சேர்த்துச் சுருக்கினால் நன்றாகவே சுருங்கும்.

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருவோம். நீங்கள் பத்து வரி உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து 2-ஆவது வரியைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்து 9-ஆவது வரியைத் திருத்திச் சேமித்தும்விட்டார். நீங்கள் சேமிக்கும்போது உங்கள் கையில் இருப்பது பழைய 9-ஆவது வரி. அப்படியே ஏற்றுக்கொண்டால் அவர் உழைப்பு போய்விடும். இரண்டு உரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் 2-உம் 9-உம் வேறாக இருப்பது தெரியும், ஆனால் எந்த வரியை யார் மாற்றினார், எது பழசு, எது புதுசு என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்கு மூன்றாவதாக ஓர் உரை வேண்டும். நீங்கள் இருவரும் திருத்தத் தொடங்கியபோது இருந்த மூல உரை.

திருத்தும் படிவத்துக்குள்ளேயே, நீங்கள் எந்தத் திருத்தத்திலிருந்து தொடங்கினீர்கள் என்ற தகவல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். சர்வர் அதை வைத்து மூலத்தை எடுத்து, மூலத்துக்கும் அவர் உரைக்கும் உள்ள வேறுபாடு, மூலத்துக்கும் உங்கள் உரைக்கும் உள்ள வேறுபாடு என்று இரண்டு பட்டியல் போடும். இரண்டும் வேறு வேறு இடங்களைத் தொட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துவிடும், நடுவில் ஒருவர் சேமித்தார் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே இடத்தைத் தொட்டால்தான் 'தொகுத்தல் முரண்பாடு' என்ற அந்த எரிச்சலூட்டும் திரை வரும். மீடியாவிக்கி இதற்கு டிஃப்3 என்ற பழைய யூனிக்ஸ் கருவியைப் பயன்படுத்துகிறது. அது வரி வரியாகத்தான் ஒப்பிடும், விக்கி உரையிலோ ஒரு பத்தி முழுக்க ஒரே வரி. அதனால் நீண்ட பத்தியின் தலையில் நீங்கள் ஒரு கால்புள்ளி வைத்து, வாலில் இன்னொருவர் எழுத்துப்பிழை திருத்தினாலும் கருவிக்கு அது மோதல்தான். முரண்பாட்டுத் திரை அடிக்கடி வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இருவரும் ஒரே நொடியில் சேமித்தால்? அங்கே டேட்டாபேஸ் காவல் நிற்கிறது. "இந்தப் பக்கத்தின் கடைசித் திருத்தம் இன்னமும் 4517 ஆக இருந்தால் மட்டும் அதை 4518 என்று மாற்று" என்ற நிபந்தனையோடுதான் கட்டளை போகும். முதலில் வந்தவருக்கு நிபந்தனை பொருந்தும். அடுத்தவருக்குப் பொருந்தாது, அவர் திரும்பப் போய் மேலே சொன்ன ஒப்பீட்டில் நிற்க வேண்டும்.

ஈதர்பேட் போல எழுத எழுதவே அடுத்தவர் திரையில் தெரியும் மென்பொருள்களின் வழி வேறு. அங்கே பரிமாறிக்கொள்வது முழு உரையை இல்லை, "12-ஆவது இடத்தில் இந்த எழுத்தைச் செருகு" போன்ற சின்னச் சின்னக் கட்டளைகளை. எனக்கு முன்னால் நீங்கள் ஐந்து எழுத்து செருகிவிட்டால் என் 12 இப்போது 17 ஆகிவிடும், அதைக் கணக்குப் போட்டு மாற்றும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1989-லேயே எழுதிவிட்டார்கள். எழுத்து எண்ணிக்கை என்றதும் தமிழ் எழுதும் நமக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. 'கொ' நமக்கு ஓர் எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியீடுகள். அந்த ஒகரக் குறியையே எகரக் குறி, கால் என்று பிரித்தும் எழுதலாம் என்பதால், பார்க்க ஒன்றாகவே இருக்கும் இரண்டு தலைப்புகள் கணினிக்கு இரண்டு பக்கங்களாகிவிடக்கூடும். மீடியாவிக்கி உள்ளே வரும் உரையை எல்லாம் முதலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதால் தப்பிக்கிறோம்.

இவ்வளவையும் உடைக்காமல் புதிய பதிப்பு எப்படி வருகிறது? முதன்மை நிரலிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு கிளை, அதாவது ஒரு தனி நகல், பிரித்து, செவ்வாய்க்கிழமை சோதனைத் தளங்களிலும், புதன்கிழமை பெரும்பாலும் விக்கிப்பீடியா அல்லாத மற்றத் தளங்களிலும், வியாழக்கிழமை எல்லா விக்கிப்பீடியாக்களிலும் ஏற்றுகிறார்கள். நடுவில் பெரிய வழு தெரிந்தால் அப்படியே நிறுத்திப் பின்வாங்கிவிடலாம். வெளியாட்களுக்கான பதிப்பு சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அதாவது "புதிது" என்று நாம் இறக்கிக்கொள்ளும் நிரலின் பெரும்பகுதி ஏற்கெனவே உலகத்தின் மிகப் பெரிய விக்கிகளில் அடிபட்டு வந்ததுதான். இவற்றில் சில நீண்டகால ஆதரவுப் பதிப்புகள்: 1.35, 1.39, 2024 டிசம்பரில் வந்த 1.43. ஒவ்வொன்றுக்கும் அது வந்ததிலிருந்து மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். சின்னத் தளம் நடத்துகிறவர்கள் இவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு போவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம்.

அடியில் இருக்கும் டேட்டாபேஸ் அட்டவணைகளை மாற்றுவதுதான் ஆபத்தான வேலை. 2005-இல் வந்த 1.5 பதிப்பு வரை நடப்பு உரை ஓர் அட்டவணையிலும் பழைய உரைகள் இன்னொன்றிலும் பக்கத் தலைப்போடு கிடந்தன. பக்கத்தின் பெயரை மாற்றினால் பழைய திருத்தங்கள் அத்தனையிலும் தலைப்பை மாற்ற வேண்டும். 1.5-இல் திருத்தங்களைப் பக்கத்தின் எண்ணோடு கட்டிவிட்டார்கள், பெயர் மாற்றம் ஒரே வரியில் முடிந்தது. பயனர் பெயரிலும் இதே சிக்கல். ஒவ்வொரு திருத்தத்திலும் பெயரே எழுதப்பட்டிருந்தது, 2018-இல் வந்த 1.31-இல் தொடங்கி அதையும் எண்ணாக்கினார்கள்.

அட்டவணைகளில் இருக்கும் கோடிக்கணக்கான வரிகளை, தளத்தை மூடாமல் எப்படி மாற்றுவது? படிப்படியாக. முதலில் நிரல் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எழுதும், படிப்பது பழையதிலிருந்து. அப்புறம் பின்னணியில் ஒரு நிரல் பொறுமையாகப் பழைய வரிகளைப் புதிய இடத்துக்கு நிரப்பிக்கொண்டு வரும். நிரம்பியதும் படிப்பதைப் புதியதற்குத் திருப்புவார்கள், எழுதுவது இன்னும் இரண்டிலும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசியாக அந்தப் பகுதியையே நீக்குவார்கள். இதற்கு மாதங்கள் ஆகும், சில சமயம் பல பதிப்புகள். அதனால்தான் ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவாகத் தாவ முடியாது: இரண்டு நீண்டகாலப் பதிப்புகளுக்கு முன்பு வரைதான் நேரடி ஆதரவு. 1.31-இல் இருக்கும் தளத்தை முதலில் 1.35-க்கு ஏற்றி, பிறகுதான் 1.43.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. உங்கள் உரையின் ஒவ்வொரு வடிவத்தையும் பத்திரப்படுத்தும் இந்த மென்பொருள், தன் அட்டவணைகளின் பழைய வடிவத்தைப் பத்திரப்படுத்துவதில்லை. மேம்படுத்தும் நிரலை ஓட்டிய பிறகு பிடிக்கவில்லை என்று பின்னால் போக 'மீளமை' இணைப்பு எதுவும் இல்லை. அதனால் தளத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வைத்து, டேட்டாபேஸ், படங்கள், அமைப்புக் கோப்பு மூன்றையும் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.