ராணி கிடைக்கும்வரை எறும்புப் பெட்டி வாங்காதீர்கள்

எறும்பைக் கொல்வதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சென்னையில் பதினாறு ஆண்டுகளாகப் பூச்சிக் கட்டுப்பாடுதான் என் பிழைப்பு. சென்ற ஆண்டு வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மா பேசினார்: "வீட்டில் எறும்புகள் செத்துக்கொண்டே இருக்கின்றன, சார். எப்படியாவது காப்பாற்ற முடியுமா?" இப்படியொரு வேண்டுகோளை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், குடியிருப்பின் வேப்பமரத்தடியைத் தோண்டி, இருநூறு கட்டெறும்புகளை மண்ணோடு மீன்தொட்டியில் கொட்டி வைத்திருந்தான். அவை வெளியே வந்துவிடக் கூடாதே என்று அம்மா தொட்டியின் விளிம்பைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு இழுத்திருந்தார். அந்த சாக்பீஸில் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. காவலுக்குப் போட்ட கோடே எமனாகிவிட்டது. கோடு இல்லாவிட்டாலும் அந்தக் கூட்டம் நெடுநாள் இருந்திருக்காது. தொட்டியில் முட்டையிடும் ராணி இல்லை. சாகிற எறும்புக்கு ஈடாகப் புதிது பிறக்க வழியில்லை. புற்றைத் தோண்டுகிறவர்களுக்கு ராணி அகப்படுவது அபூர்வம். புற்று நாசமாவதுதான் மிச்சம்.

எறும்பு வளர்க்க ஒரே ஒரு ராணி போதும். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் ராணிகளும் ஆண்களும் பறந்து கூடும். பிறகு ராணி சிறகை உதிர்த்துவிட்டு, புற்று வைக்க இடம் தேடித் தரையில் அலையும். பிடிக்க வேண்டியது அப்போதுதான். தெருவிளக்கடியில் ஈசலை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. ஈசல் என்பது கறையான். அதற்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று தெரியாது. எறும்புக்கு முன்சிறகு நீளம், இடை ஒடுக்கம், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கட்டெறும்புதான் என் சிபாரிசு. உருவம் பெரியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கடிக்கும், ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆனால் கொடுக்கு கிடையாது. நெருப்பெறும்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் கொடுக்கு நஞ்சு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு மரத்தோடு இருக்கட்டும். எறும்பு வளர்க்கும் பெட்டி அதற்குத் தாங்காது.

கண்ணாடிச் சோதனைக் குழாய் ஒன்று வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. சென்னை வெயிலில் குமிழி விரிந்து தண்ணீரைத் தள்ள, ராணி மூழ்கிவிடும். குழாயை இருட்டான அலமாரியில் வையுங்கள். மிக்ஸி ஓடும் மேடையும் வாஷிங் மெஷின் பக்கமும் வேண்டாம். முதல் வேலைக்காரிகள், அதாவது வேலைக்கார எறும்புகள், வரும்வரை, ஒன்றிரண்டு மாதம், உணவே தேவையில்லை. இனிப் பயன்படாத பறக்கும் தசைகளைக் கரைத்துத்தான் ராணி குஞ்சுகளை வளர்க்கும். இந்தக் காலத்தில்தான் பிள்ளைகள் கெடுப்பார்கள். மணிக்கொரு முறை டார்ச் அடித்துப் பார்த்தால், மிரண்ட ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

வேலைக்காரிகள் வந்தபின் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, புழுப் பருவத்தில் இருக்கும் எறும்புக் குஞ்சுகளுக்குப் புரதமாக ஏதேனும் பூச்சித் துண்டு. மருந்தடித்துச் செத்த கரப்பானைப் போட்டால் மொத்தக் கூட்டமும் காலி. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சுற்றும் பொடி எறும்புகளும் குழாய்க்குள் புகுந்து சூறையாடும். பாட்டிகள் நெய்ப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, அதே வித்தை இங்கும் உதவும். கடைகளில் விற்கும் அழகான பெட்டிகளை இருபது முப்பது எறும்புகள் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

இணையத்தில் வெளிநாட்டு ராணிகளைத் தேடாதீர்கள். கென்யாவில் 2025 ஏப்ரலில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5,000 ராணிகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்து பிடிபட்டார்கள்; மே மாதம் அபராதம் விதிக்கப்பட்டது. எந்த எறும்பையும் பிடித்த இடம் தவிர வேறெங்கும் விடக் கூடாது. இடம் மாறிய எறும்பு என்ன செய்யும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுகளே சாட்சி. 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' எனப்படும் இனம் அங்கே அவற்றைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையில் 2022இல் விவசாயிகளையும் கால்நடைகளையும் வதைத்ததும் அதே இனம்தான்.

வேளச்சேரிப் பையனிடம் இப்போது ஒரு ராணியும் பதினொரு வேலைக்காரிகளும் இருக்கின்றன. அடுத்த வாரம் அந்த வீட்டில் கரப்பானுக்கு மருந்தடிக்கப் போகிறேன். முதல் நாளே குழாயைத் தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், வாடை முழுதாகப் போகும்வரை திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "எத்தனை நாள், அங்கிள்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான்.